நீங்கள் போட்ட நர்சிங் எஸ்டிமேட்

அப்பா,

நேற்று சாயங்காலம் பிஸ்வாஸ் அங்கிள் வந்தார். விடிவதற்கு முன்னால் தீவின் வடகோடியில் திக்லிபூரில் பஸ் ஏறி, நாள் முழுக்க உட்கார்ந்து வந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கதவைத் திறந்ததும் அவருக்கு முன்னால் அந்த வாசம் உள்ளே வந்தது. நனைந்து காய்ந்த சிமெண்டு, வியர்வை, கொஞ்சம் பீடி. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்த வாசம் கிடையாது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் "ஆயியே அங்கிள், பைட்டியே" என்று உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது, இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. அம்மா முதலில் கவலைப்பட்டாள், பிறகு கோபப்பட்டாள், இப்போது பழகிவிட்டாள். "நர்சு வேலைக்குப் போனவளுக்கு மனசு மரத்துப்போச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். எனக்கே அவள்தான் வந்து சொன்னாள், பிறகு காபி கொடுத்தாள்.

பிஸ்வாஸ் அங்கிள் வந்தது தன் மகளுக்காக. மித்து பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். மெயின்லேண்டில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்க வேண்டுமாம். ஏஜெண்ட் வந்து அபர்தீன் பஜார் லாட்ஜில் உட்கார்ந்திருக்கிறார், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் சீட்டாம். பாக்குத் தோப்பில் பாதியை விற்க ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்திருக்கிறார்.

"பேட்டி, அண்ணா கா ஹிசாப் கபி கலத் நஹி ஹுவா" என்றார். உங்கள் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லையாம். உங்களிடம் அத்தனை வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர் இல்லையா, நம்பிக்கை போகவில்லை. எனக்கு நீங்கள் எப்படிக் கணக்குப் போட்டீர்களோ அதே மாதிரி மித்துவுக்கும் நான் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்.

உங்கள் கணக்கு ஒரே ஒரு முறை தப்பியது, அப்பா. அந்தத் தப்பு அவருக்கு எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தது.

"குளிச்சுட்டு சாப்பிடுங்க அங்கிள். காலையில பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் எதையும் எழுதி வைக்கமாட்டீர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் பின்பக்கம் டிரம்களை நிரப்பிக்கொண்டே வாய்விட்டுக் கணக்குப் போடுவீர்கள். ஒரு டிரம் நிறைவதற்குள் ஒரு காம்பவுண்டு சுவர் முடிந்துவிடும், இரண்டு டிரம்மில் ஒரு வீடு. எந்தக் கணக்கும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "மெயின்லேண்ட் ரேட்டு. அதுக்கு மேல கப்பல் கூலி. அதுக்கு மேல நனைஞ்சது, உடைஞ்சது." இந்த மூன்றாவதைப் போடாமல் எஸ்டிமேட் கொடுத்து வீட்டை விற்ற காண்ட்ராக்டர்களின் கதைகளை நீங்கள் நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். சிமெண்டு கப்பலில் வரும்போது ஈரம் குடிக்கும், டைல்ஸ் உடையும், கம்பி துருப்பிடிக்கும், கப்பலே ஒரு மாதம் வராமல் போகும். அதையெல்லாம் முன்கூட்டியே சேர்த்துப் போடுகிறவன்தான் தீவில் பிழைப்பான் என்பீர்கள். பி.டபிள்யூ.டி. ஆட்களே உங்களிடம் வந்து "மிஸ்திரி, ஆப் போலோ", நீங்க சொல்லுங்க, என்று கேட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

என் படிப்புக்கும் அப்படித்தான் போட்டீர்கள். இங்கே இருக்கிற சர்க்கார் நர்சிங் ஸ்கூலில் இடம் கொஞ்சம், எனக்குக் கிடைக்கவில்லை. அதே அபர்தீன் பஜாரில் அப்போதும் ஒரு லாட்ஜ், அப்போதும் ஒரு ஏஜெண்ட். சேலம் பக்கத்தில் ஒரு காலேஜ், வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த படங்கள். ஏஜெண்ட் நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்றார். நீங்கள் அந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை.

"பிளேஸ்மென்ட்னா என்ன சார், வேலையா, சம்பளமா?"

"ரெண்டும்தான் சார்" என்று அவர் சிரித்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தண்ணீர் வரும் நாளுக்குக்கூடக் காத்திருக்காமல், காலி டிரம் பக்கத்தில் நின்று கணக்கைத் தொடங்கினீர்கள். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், வருஷத்துக்கு ஒரு முறை கப்பலில் போக வர. அதற்கு மேல் நனைஞ்சது, உடைஞ்சது. செலவுப் பக்கம் அவ்வளவுதான். வரவுப் பக்கத்துக்கு வேலிக்கு மேலே எட்டி, பக்கத்து வீட்டு நர்ஸ் ஏலியம்மா சிஸ்டரைக் கூப்பிட்டீர்கள்.

"சிஸ்டர், கையில எம்புட்டு வருது?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஏலியம்மா சிஸ்டர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே சொன்னார். பேசிக் இவ்வளவு, டி.ஏ. இவ்வளவு, பிடித்தம் போக இவ்வளவு. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. நம் சந்தில் சம்பளம் எப்போது ரகசியமாக இருந்தது? ஹார்பர், எலெக்ட்ரிசிட்டி, ஸ்கூல், ஆஸ்பத்திரி, எல்லாமே சர்க்கார். பே கமிஷன் வந்தால் பால் ஊற்றுகிறவருக்குக்கூட யாருக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியும்.

நீங்கள் அதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கவில்லை. சிஸ்டரின் குவார்ட்டர்ஸைப் பார்த்தீர்கள். ஸ்கூட்டரைப் பார்த்தீர்கள். சர்க்கார் செலவில் குடும்பத்தோடு ப்ளேன் ஏறிக் கோட்டயம் போவதைப் பார்த்தீர்கள். அதிலும் புதுசாகச் சேருகிறவளுக்கு இவ்வளவு வராது என்று யோசித்து, கொஞ்சம் குறைத்தே போட்டீர்கள். அந்தக் கவனத்தை நினைத்தால் இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வேலைக்குப் போயி ரெண்டே வருசம். போட்டதை எடுத்துரலாம். அதுக்கு மேல எல்லாம் லாபம்த்தா" என்றீர்கள். என்னை வைத்து யாரும் லாபம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஏலியம்மா சிஸ்டரின் வெள்ளை ஷூவும் பிடித்திருந்தது. நர்சிங் படிக்க எனக்கு இருந்த காரணங்கள் மொத்தம் இவ்வளவுதான்.

தப்பு எங்கே என்று இப்போது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நமக்குத் தெரிந்த ஒரே நர்ஸ், வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட சர்க்கார் நர்ஸ். அதே படிப்பு, அதே ஊசி, அதே ராத்திரி டியூட்டிக்கு மெயின்லேண்ட் பிரைவேட் ஆஸ்பத்திரியில் வேறொரு விலை இருக்கும் என்று இந்தத் தீவில் யாருக்குமே தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை, சம்பளத்தைச் சொன்ன சிஸ்டருக்கும் தோன்றவில்லை. சிமெண்டுக்கு இங்கே ஒரு ரேட்டு, அங்கே ஒரு ரேட்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன், நர்சுக்கு மட்டும் எங்கேயும் ஒரே ரேட்டு என்று நினைத்துவிட்டீர்கள்.

பேங்கில் லோன் கேட்டோம். பட்டா இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் வருஷத்தைச் சீட்டுப் பணத்திலும் கைச்சேமிப்பிலும் கட்டினீர்கள். காலேஜில் போய்ப் பார்த்தால், ஏஜெண்ட் சொல்லாத செலவு ஒவ்வொன்றாக வந்தது. யூனிஃபார்ம், லேப், பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரிக்கு பஸ், அங்கே பழகுவதற்கு ஒரு கட்டணம். ஊசி போட்டுப் பழகக் கொடுக்கிற ஆரஞ்சுப் பழத்துக்குக்கூடக் காசு வாங்கினார்கள், குத்தி முடித்ததும் நாங்கள் அதை உரித்துத் தின்றுவிடுவோம். போனில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "அதெல்லாம் டேமேஜ் கணக்குத்தா. சேத்துத்தான் போட்டிருக்கேன். நீ தின்னு."

இரண்டாம் வருஷ லீவில் கப்பலில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, பின்பக்கத் தகரக் கொட்டகை காலியாக இருந்தது. மிக்ஸர் மிஷின் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நம் வீட்டில் அந்த மிஷினுக்கு இருந்த மரியாதை எனக்குக்கூடக் கிடையாது. ஆயுத பூஜைக்கு முதல் மாலை அதற்குத்தான். கலவையைக் கொட்டி முடித்ததும் ஒரு சொட்டு சிமெண்டு காய விடாமல் நீங்களே உள்ளே தலையை விட்டுக் கழுவுவீர்கள். அது இருந்ததால்தான் நீங்கள் காண்ட்ராக்டர், இல்லாவிட்டால் கொத்தனார்.

"பிஸ்வாஸ் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தான், குடுத்துட்டேன். எனக்கும் முதுகு முடியல" என்றீர்கள். மறுநாள் காலையில் கரண்டியும் தூக்குக்குண்டும் போட்ட பையை எடுத்துக்கொண்டு வேறொருத்தர் சைட்டுக்குக் கூலிக்குப் போனீர்கள். முதுகு வலிக்கிறவர் ஏன் மிஷினை விற்றுவிட்டுச் செங்கல் தூக்கப் போகிறார் என்று நான் யோசித்திருக்கலாம். பத்தொன்பது வயதில் உடற்கூறியல் பரீட்சைக்கு முதுகெலும்பை மனப்பாடம் செய்து முடித்திருந்தேன். ஒவ்வொரு எலும்பின் பெயரும் எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்தது. சென்னையில் வேலை கிடைத்தது, ஏஜெண்ட் சொன்னது அந்த அளவுக்கு உண்மைதான். முதல் சம்பளம் வந்த அன்று ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்குப் போன் செய்து தொகையைச் சொன்னேன். ஏலியம்மா சிஸ்டர் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரித்தா. சாப்பாடு போடுறாங்களா?"

"அதுக்குப் புடிச்சுக்கிறாங்கப்பா."

"சரி."

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எத்தனையோ ராத்திரி டியூட்டியில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் எஸ்டிமேட் சரிந்து விழுந்த நேரம் அது என்றே நினைத்திருந்தேன். அங்கே டிரம் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நீங்கள் வரவுப் பக்கத்தை அழித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பாவம் அப்பா, எதிர்பார்க்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு வசதி இருந்தது. இரண்டு பேருமே ஏமாந்தவர்கள் என்று ஆகிவிடுகிறது அல்லவா.

பிறகு அம்மா போன் செய்தாள். நீங்கள் சைட்டில் சாரத்திலிருந்து இறங்கும்போது உட்கார்ந்துவிட்டீர்கள், இடது கை தூக்க வரவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் பயமில்லை என்கிறார். ப்ளேன் டிக்கெட் பார்த்தேன். டூரிஸ்ட் சீசன். ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது. மறுநாள் சாயங்காலம் கப்பல் இருந்தது, தீவுக்காரர்களுக்கான கோட்டாவில் கீழ்த்தளத்துப் பங்க் படுக்கைக்கு டிக்கெட் கிடைத்தது. அம்மா போனை உங்கள் காதில் வைத்தாள். நாக்கு குழறியது. ஆனாலும் கணக்கு குழறவில்லை.

"ப்ளேன்ல வராதத்தா. வீண் காசு. கப்பல்லயே வா."

கப்பலில் வந்தேன். கரை மறைந்ததும் சிக்னல் போனது. கீழே பங்கில் எஞ்சின் சத்தமும் டீசல் நாற்றமும், சுற்றிலும் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் மூட்டைகள். தயிர்ச்சாதம், சீட்டாட்டம், வாந்தி. நான் உங்களுக்கு என்னென்ன பிசியோதெரபி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆறு மாதத்தில் கையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். நீங்கள் இரண்டாம் நாள் காலையிலேயே போய்விட்டீர்கள். தீவு முழுக்கத் தெரிந்த ஒரு செய்தி எனக்கு மட்டும் தெரியாமல், நான் கடல் நடுவில் உங்கள் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹாடோ ஜெட்டியில் ஏணிப்படி இறங்கும்போது ஏலியம்மா சிஸ்டர் நிற்பதைப் பார்த்தேன். கைகளை முன்னால் கோத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காலை அகட்டாமல் நின்றார். நோயாளியின் வீட்டாரிடம் சொல்லப் போகும்போது நாங்கள் அப்படித்தான் நிற்போம், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். படியில் பாதி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. மீதிப் படியையும் இறங்கினேன்.

"மோளே" என்று என் பையை வாங்கிக்கொண்டார். "எல்லாரும் காத்திருக்காங்க."

நம் ஊரில் எப்போது எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "ஷிப் கப்?", கப்பல் எப்போது, என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளில் ஒருத்தர் மெயின்லேண்டில் இருந்தால், கப்பல் வந்து சேரும்வரை பிணவறையில் வைத்திருப்பார்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எனக்காகவும் காத்திருந்தீர்கள். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். இன்று காலைவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் ஏலியம்மா சிஸ்டர் மீன்குழம்பு கொண்டுவந்தார். அம்மா படுத்திருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, சிஸ்டர் அதைச் சொன்னார். நான் முதல் வருஷம் முடிக்கும்போது அவர் ஊருக்குப் போய் வந்தாராம். அவருடைய அண்ணன் மகள் நர்சிங் முடித்துப் பிரைவேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாளாம். அவள் சம்பளத்தைக் கேட்டு சிஸ்டருக்குத் தலை சுற்றிவிட்டது. திரும்பி வந்த அன்றே உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். "மிஸ்திரி, நான் சொன்ன கணக்கு தப்பு. இன்னும் காசு போடாதீங்க. பெண்ணைக் கூப்பிட்டு இங்கேயே காலேஜ்ல பி.ஏ. சேத்துவிடுங்க. ஒரு வருஷம்தானே போச்சு."

நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்களாம். தொகையை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டீர்களாம். பிறகு சொன்னீர்களாம். "பாதிச் செவுத்துல நிறுத்துனா மழை தின்னுரும் சிஸ்டர். அவகிட்ட சொல்லாதீங்க. பரீட்சை இருக்கு."

அடுத்த வாரம் பிஸ்வாஸ் அங்கிள் திக்லிபூரிலிருந்து லாரியோடு வந்திருக்கிறார்.

ஆக உங்களுக்குத் தெரியும். படியில் உட்கார்ந்து நான் சம்பளத்தைச் சொன்னபோது நீங்கள் பேசாமல் இருந்தது அதிர்ச்சியால் இல்லை. அந்தத் தொகையை நீங்கள் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள். கேட்ட பிறகுதான் மிஷினை விற்றீர்கள்.

இதைக் கேட்டபோதாவது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். மீன்குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சிஸ்டருடைய பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். கோபம் மட்டும் வந்தது. இன்னும் இருக்கிறது. சுவர் வேறு, நான் வேறு அப்பா. எஸ்டிமேட் தப்பு என்று வேலை நடுவில் தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேலையை நிறுத்துவீர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிடுவீர்கள். "இவ்ளோ ஏறுது, என்ன செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்று கேட்பீர்கள். கேட்காமல் தொடர்ந்து கட்டுகிறவனைத் திருடன் என்பீர்கள். எல்லாருக்கும் அந்த நேர்மையைக் காட்டினீர்கள். என்னிடம் மட்டும் பரீட்சை இருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள்.

இப்போது நான் இங்கேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். அம்மாவைத் தனியாக விட முடியாது. ஏலியம்மா சிஸ்டர் செய்த அதே வேலை, அவர் சம்பளத்தில் பாதிக்கும் கீழே. வருஷா வருஷம் நீட்டிக்கிறார்கள். நிரந்தரமாக்குவார்கள் என்றும் சொல்கிறார்கள், ஆக்கமாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை பிஸ்வாஸ் அங்கிள் குளித்து, சட்டை மாற்றி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா தோசைக்கல்லை வைத்துக்கொண்டே என்னிடம் முணுமுணுத்தாள். "ஒரு புள்ள வாழ்க்கைடி. பாத்துப் பேசு."

பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. உங்கள் கணக்கு தப்பிவிட்டது என்று மட்டும் சொன்னால் அவர் தோப்பை விற்கமாட்டார். தப்பு என்று தெரிந்தே அண்ணா அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்று மாலையே விற்றுவிடுவார், உங்களைவிட அவர் என்ன குறைந்தவரா? என் வாயிலிருந்து எது வருகிறதோ அதை வைத்து திக்லிபூரில் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம் சாயும். சொல்லாமல் விடுவதும் ஒரு பக்கம் சாய்ப்பதுதான்.

"அங்கிள், மித்துவுக்குப் போன் போடுங்க" என்றேன்.

"உஸ்கோ கியா பத்தா? பச்சி ஹை" என்றார். அவளுக்கு என்ன தெரியும், குழந்தை.

"நான் உங்ககிட்ட சொல்லப் போறதில்ல அங்கிள். அவகிட்டதான் சொல்லுவேன். நீங்களும் பக்கத்துல இருந்து கேளுங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டார். போனை ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாவற்றையும் ஹிந்தியில் சொன்னேன். காலேஜ் கேட்கிற தொகை, காலேஜ் சொல்லாமல் கேட்கப் போகிற தொகை. வெளியே வந்ததும் பிரைவேட்டில் என்ன கிடைக்கும், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும். ஒப்பந்தத்தில் எனக்கு இப்போது என்ன வருகிறது. நிரந்தர வேலை வந்தால் என்ன, வராமலே போனால் என்ன. வெளிநாடு போகிற பெண்கள் இருக்கிறார்கள், அதற்கு இன்னும் எத்தனை பரீட்சை, எவ்வளவு செலவு. இங்கே சர்க்கார் ஸ்கூலுக்கு ஒரு வருஷம் காத்திருந்து முயன்று பார்க்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவள் அப்பா பாதித் தோப்பை விற்கப் போவதையும் சொன்னேன், அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிஸ்வாஸ் அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னேன். தெரிந்தே மிஷினை விற்றதையும், கூலிக்குப் போனதையும், சாரத்தில் உட்கார்ந்ததையும், கப்பலையும். எதையும் மறைக்கவில்லை. குரல் சீராக இருந்தது. டியூட்டி மாறும்போது அடுத்த நர்சிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பேனே, அப்படித்தான் எனக்கே கேட்டது.

முடித்ததும் மித்து கேட்டாள். "தீதீ, பைசா சமஜ் கயி. உஸ்கோ சோட்கே போலோ. ஆப்கோ கியா மிலா?"

காசை விட்டுவிட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பிணவறையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அன்று அட்டெண்டர் உங்களைச் சுத்தம் செய்யத் தயாராக இருந்தார். நான் செய்கிறேன் என்றேன். ஏலியம்மா சிஸ்டர் கதவருகே நின்றுகொண்டார். உங்கள் கையில் ஊசிக் குழாயை எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டினேன். பிளாஸ்திரியின் பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், இல்லாவிட்டால் தோல் உரியும். வாயோரத்தைத் துடைத்தேன். தாடையைக் கட்டினேன். உங்கள் முதுகைத் திருப்பும்போது எந்த எலும்புக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. நகக்கண்ணில் இருந்த சிமெண்டு மட்டும் போகவில்லை. வேறு யாரையும் உங்களைத் தொட விடவில்லை.

"இதுதான் எனக்குக் கிடைச்சுது" என்று மித்துவிடம் சொன்னேன். "இது பெரிசா சின்னதான்னு எனக்குத் தெரியாது. அழுகை வராமப் போனதும் இதோட சேர்ந்துதான் வந்துச்சு."

பிறகு அவள், "தீதீ, ஏக் தின் தோ. சோச்கே போல்தி ஹூன்" என்றாள். ஒரு நாள் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன். பிஸ்வாஸ் அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏஜெண்டிடம் இன்று போக வேண்டாம் என்றேன். சரி என்றார். இப்போது முன் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார், உங்கள் மாதிரியே வாயைத் திறந்துகொண்டு. எனக்கு மத்தியான டியூட்டி. யூனிஃபார்ம் தேய்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மித்து நாளைக்கு என்ன சொல்வாள் என்று தெரியாது. எது சொன்னாலும் அது அவள் சொன்னதாக இருக்கும். யூனிஃபார்ம் தேய்க்கும்போது, அந்த ஒரு நாளை நீங்கள் எனக்குக் கொடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். யோசிக்க ஒரு நாள் தேவைப்பட்டிருக்காது. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்காததால் சொல்லாமல் போன அந்தப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.

மிஷினை விக்காதீங்கப்பா. நான் வந்துர்றேன்.